கரண்டு போனா இந்தத் தண்ணி எங்க போகும்?

கடல்மீன் டாங்கி வைக்கப் போகிறேன் என்று தம்பி சொன்ன அன்று உம்மா மஃரிப் தொழுதுவிட்டுப் பாயை மடித்துக்கொண்டிருந்தா. நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதற்குக் கீழே அலுமாரிக்குள் இன்னொரு தொட்டி, இரண்டுக்கும் நடுவே பைப், மோட்டர் என்று அவன் கையால் காற்றில் வரைந்து காட்டினான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உம்மா சொன்னா: "கடல் ஒருதரம் கேக்காம ஊட்டுக்குள்ள வந்துச்சி. நீ இப்ப பைப் போட்டுக் கூப்பிடப் போறியா, மனே?" பெரியநீலாவணையில் 2004 டிசம்பர் 26ஐக் கண்ட எந்த உம்மாவும் அப்படித்தான் கேட்பா. அடுத்ததாக அவ கேட்டதை வைத்துத்தான் நான் இதை எழுதுகிறேன். "சரி, கரண்டு போனா இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகும்?"

தம்பி சிரித்தான். டாங்கி ஓடத் தொடங்கி மூன்றாம் கிழமை ஒரு இரவு கரண்டு போனது. காலையில் ஹோலில் கால் வைத்தால் சளக் என்றது. பாய் நனைந்து, வாப்பாவின் கதிரைக் கால் ஊறி, தரையெல்லாம் உப்பு. உம்மா ஒன்றும் பேசவில்லை. வாளியையும் பழைய சாறனையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தா.

கவிஞர் நீலாவணனைத் தந்த ஊர் இது. நான் தருவது பைப் கணக்குத்தான், மன்னித்துக்கொள்ளுங்கள். வாப்பாவின் ஹார்ட்வெயார் கடையில் பள்ளி லீவு நாளெல்லாம் எல்போவும் சொக்கட்டும் எண்ணி வளர்ந்தவள் நான். தம்பி முதலில் என்னிடம் கேட்டிருந்தால் அந்த வாளிக்கு வேலை இருந்திருக்காது. நீங்களாவது கேளுங்கள்.

கீழே இருக்கும் தொட்டியைத்தான் சம்ப் என்கிறோம். மேல் டாங்கிக்குள் இருக்கும் வடிகால் பெட்டியின் விளிம்பு தாண்டும் தண்ணீர் தன் பாரத்தில் பைப் வழியாகக் கீழே இறங்கும். சம்ப்பில் அழுக்கு வடிந்த பிறகு மோட்டர் அதை மேலே தள்ளும். மேல் டாங்கியில் மட்டம் எப்போதும் ஒரே அளவில் நிற்கும். நுரை எடுக்கும் ஸ்கிம்மர் போன்ற பார்க்க அழகில்லாத சாமான் எல்லாம் கீழே ஒளிந்துகொள்ளும். மொத்தத் தண்ணீரும் கூடுவதால் கெடுவதும் மெதுவாகத்தான் கெடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மோட்டர் ஓடும்போது எல்லா ஏற்பாடும் நல்லதாகத்தான் தெரியும். நின்ற பிறகு என்ன ஆகிறது என்று பார்த்துத்தான் சம்ப்பை அளக்க வேண்டும்.

மோட்டர் நின்றதும் தண்ணீர் இரண்டு வழியாக இறங்கும். விளிம்புக்கு மேலே நின்ற கொஞ்சம் வடிகால் பைப்பால் வரும். அது சிறிது. பெரிய ஆபத்து மற்ற வழியில். மேலே தள்ளிய அதே பைப் இப்போது உறிஞ்சிக் கீழே இழுக்கும். அந்தப் பைப்பின் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் முழுவதும் இறங்கி, வாய்க்குக் காற்றுப் பட்ட பிறகுதான் நிற்கும்.

தம்பியின் டாங்கி 4 அடி நீளம், 18 இஞ்சி அகலம், 18 இஞ்சி உயரம். 255 லீட்டர் பிடிக்கும். அதில் ஒரு இஞ்சித் தண்ணீர் என்பது 14 லீட்டர். சம்ப் 30 இஞ்சி நீளம், 12 அகலம், 15 உயரம். அதில் ஒரு இஞ்சி 6 லீட்டர் கூட இல்லை. ஆக, மேலே ஒரு இஞ்சி இறங்கினால் கீழே ஏறக்குறைய இரண்டரை இஞ்சி ஏறும். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். மேலே குறைவது கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரியும், கீழே அது மலை.

தம்பி பைப் வாயை ஆறு இஞ்சி ஆழத்தில் வைத்திருந்தான். தண்ணீர் சுற்றி ஓடும், மீனுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். ஆறு இஞ்சிக்கு 85 லீட்டர். சம்ப்பில் மிச்ச இடம் 40 லீட்டர்தான். மீதி 45 லீட்டர் ஹோலுக்கு வந்தது. மந்திரமும் இல்லை, மோட்டர் பழுதும் இல்லை. வெறும் கழித்தல் கணக்கு.

இப்போது வாய் மேல்மட்டத்துக்கு இரண்டு இஞ்சி கீழே இருக்கிறது. இறங்குவது 28 லீட்டர். பைப்பில் நிற்பது, விளிம்புக்கு மேல் நிற்பது என்று இன்னும் ஐந்து லீட்டர் போட்டாலும் 33. சம்ப்பில் ஓடும்போது மட்டம் 8 இஞ்சி, மேலே 7 இஞ்சி காலி. அதாவது 41 லீட்டருக்கு இடம். அந்த 8 இஞ்சியில் வெளிக் கண்ணாடியில் அழியாத மையால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டுக்கு மேலே யாரும் தண்ணீர் ஊற்றக்கூடாது, மச்சான் வந்தாலும் சரி.

ஒருவழி வால்வு போட்டால் போதுமே என்பார்கள். நானும் கடையில் நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறேன், கிணற்று மோட்டருக்கு. உப்புத் தண்ணீரில் அதன் நாக்கில் சுண்ணாம்பு பிடிக்கும், பாசி வளரும், குட்டி நத்தை போய் உட்காரும். ஒருநாள் மூடாது. பைப்பில் சிறு துளை போட்டால் காற்றுப் புகுந்து உறிஞ்சல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அந்தத் துளையும் அடைபடும். போடுவதானால் மேலதிகமாகப் போடுங்கள், அதை நம்பிச் சம்ப்பைச் சிறிதாக்காதீர்கள்.

உம்மா கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு. கரண்டு இருக்கிறது, மோட்டர் ஓடுகிறது, வடிகால் பைப் அடைபட்டுவிட்டது. அப்போது? மோட்டர் தன் அறையில் உள்ளதையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுத்தான் காற்றைக் குடிக்கும். எங்கள் மோட்டர் அறை 10 இஞ்சிக்கு 12 இஞ்சி, 8 இஞ்சி ஆழத்துக்கு 16 லீட்டர் பிடிக்கும். அந்த 16 லீட்டரும் மேலே போனால் டாங்கியில் ஒரு இஞ்சிக்குச் சற்றுக் கூட ஏறும். ஆகவே டாங்கிக் கண்ணாடியின் மேல் ஓரத்திலிருந்து ஒன்றரை இஞ்சியாவது காலியாக விடுங்கள். மோட்டர் அறையைப் பெரிதாக்க ஆசைப்பட்டால் இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுவிட்டு ஆசைப்படுங்கள்.

வடிகால் அடைபடாமல் இருக்க இரண்டு பைப் போடுவது நல்ல வழி. முதல் பைப்பின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும். அதன் அடியில் ஒரு கேட் வால்வு வைத்து, காற்றே போகாமல் முழுப் பைப்பாகத் தண்ணீர் இறங்கும்படி மெல்ல மெல்லத் திருகிப் பிடிக்க வேண்டும். அப்படி ஓடினால் சத்தமே வராது. பால் வால்வு இங்கே சரிவராது, கால் திருகலில் திறந்து மூடும் சாமானால் நுணுக்கமாகப் பிடிக்க ஏலாது. இரண்டாவது பைப்பின் வாய் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, காய்ந்தபடி நிற்கும். முதல் பைப் அடைபட்டால் மட்டம் ஏறி இதற்குள் விழும். விழும் சத்தம் வீட்டையே எழுப்பும், அதுவும் நல்லதுதான். இந்த இரண்டாவது பைப்பில் மட்டும் எந்த வால்வும் போடாதீர்கள். வெளிநாட்டில் மீன் வளர்ப்பவர்கள் இதை ஹெர்பி முறை என்கிறார்கள். மூன்று பைப் போடும் பீன் அனிமல் முறையும் இருக்கிறது, நாலடி டாங்கிக்கு அது பணச்செலவு. முதல் பைப்பின் கீழ்முனை சம்ப்புத் தண்ணீருக்குள் ஒரு இஞ்சி இறங்கினால் போதும். ஆழமாக இறக்கினால் பைப்பில் உள்ள காற்று வெளியேறாமல் மல்லுக்கட்டும்.

ஹார்ட்வெயார் கடைக்குப் போகுமுன்

கடையில் இஞ்சியில் கேட்டால் தருவார்கள், பைப்பில் மில்லிமீட்டர் எழுதியிருக்கும். 20 என்றால் அரை இஞ்சி, 25 முக்கால், 32 ஒரு இஞ்சி, 40 ஒன்றேகால், 50 ஒன்றரை. இது தெரியாமல் ஒன்றரை இஞ்சிக்கு 40ஐ வாங்கிக்கொண்டு போய் மறுநாள் திரும்பி வந்தவர்களை வாப்பா கடையில் எண்ண முடியாது. இந்த அளவு டாங்கிக்கு முதல் வடிகால் 32, காவல் பைப் 40, மேலே தள்ளும் பைப் மோட்டர் வாயைவிட ஒரு அளவு பெரிது. தண்ணீர் பைப்பையே கேளுங்கள். வயர் இழுக்கும் பைப் பார்க்க அதேபோல இருக்கும், மலிவு, ஆனால் தண்ணீர் அழுத்தத்துக்குச் செய்தது இல்லை.

பித்தளை வால்வு, செம்பு, துத்தநாகம் பூசிய இரும்பு எதுவும் தண்ணீர் படும் இடத்தில் கூடாது. செம்பு கொஞ்சம் கரைந்தாலே இறாலும் நத்தையும் செத்துவிடும். உள்ளே இரும்பு ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் வால்வும் இருக்கிறது, கையில் எடுத்துக் குலுக்கிக் கேட்டு வாங்குங்கள். ஹோஸை இறுக்கும் ஜுபிலி கிளிப்பும் துருப்பிடிக்கும். நைலோன் பட்டி போதும்.

தண்ணீர் கிறுகும் ஒவ்வொரு இடத்திலும் மோட்டரின் பலம் குறையும். 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதிலாக 45 பாகை எல்போ இரண்டு போடுங்கள். மோட்டர் பெட்டியில் 3000 லீட்டர் என்று எழுதியிருந்தால் அது உயரம் பூச்சியத்தில். நாலரை அடி ஏற்றிவிட்டு எல்போவும் போட்ட பிறகு பாதி வந்தாலே சந்தோஷப்படுங்கள். சம்ப் வழியாக மணித்தியாலத்துக்கு ஆயிரம் லீட்டர் போனால் இந்த டாங்கிக்குப் போதும், அதாவது மேல் டாங்கித் தண்ணீர் முழுவதும் ஏறக்குறைய நாலு தரம். மோட்டருக்குப் பக்கத்தில் ஒரு யூனியன், மேலே ஏறுமுன் இன்னொன்று. யூனியன் விலை கூட என்று விட்டுவிட்டால் மோட்டரைக் கழுவ ஒவ்வொரு தரமும் பைப்பை அறுக்க வேண்டிவரும். தம்பி அறுத்தான்.

எல்லாவற்றையும் கம் பூசாமல் ஒருதரம் கோத்துப் பார்த்து, பேனையால் கோடு போட்டு, மறுகா கழற்றி ஒட்டுங்கள். அறுத்த ஓரத்தை அரத்தால் தேயுங்கள், பிசிறு இருந்தால் அதில்தான் அழுக்குச் சேரும். கம் இரண்டு பக்கமும் பூசி, உள்ளே தள்ளிக் கால் சுற்றுத் திருகி, அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். அவசரப்பட்டு விட்டால் பைப் தானாக வெளியே தள்ளிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.

கண்ணாடியில் துளை போடுவதானால் முதலில் டாங்கி கனெக்டரை வாங்கி, அதன் மரையை அளந்த பிறகு துளை. ரப்பர் வளையம் தண்ணீர்ப் பக்கம். கையால் இறுக்கிவிட்டு இன்னும் கால் சுற்று, அவ்வளவுதான். டெம்பர் பண்ணிய கண்ணாடியில் துளை போட ஏலாது, தூள் தூளாகிவிடும். விற்பவரிடம் அடிக்கண்ணாடி எந்த வகை என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

அலுமாரி பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர், கண்ணாடி, கல், மணல், சம்ப் எல்லாம் சேர்ந்தால் 400 கிலோ தாண்டும். கீழ்த்தளத்தில்தான் வையுங்கள், மேசன்மாரின் லெவல் வைத்துப் பாருங்கள். ஒட்டவைத்த பலகை ஈரத்தில் ஊதும். கொங்கிரீட் கல் அடுக்கி மேலே பலகை போட்டாலும் அழகாகத்தான் இருக்கும். சம்ப்பை உள்ளே வைத்துவிட்டுத்தான் மேல் டாங்கியை ஏற்ற வேண்டும் என்ற நிலைமை வரக்கூடாது. அப்படியானால் சம்ப் வெடித்தால் வெளியே எடுக்க வழியில்லை. ஸ்கிம்மரின் கோப்பையைத் தூக்கி எடுக்க மேலே ஆறு இஞ்சியாவது இடம் வேண்டும்.

சம்ப்புக்குள் மூன்று அறை போதும். தண்ணீர் விழும் முதல் அறையில் வடிபை. மருதமுனைத் தறிச் சீலை வீட்டில் நிறைய இருக்கிறதே என்று பருத்தித் துணியைக் கட்டாதீர்கள், சில நாளில் ஊறி அழுகிவிடும். பொலியெஸ்டர் பை வேண்டும், இரண்டு மூன்று நாளுக்கொருதரம் கழுவ வேண்டும். நடு அறையில் ஸ்கிம்மர். கடைசி அறையில் மோட்டர். நடுவுக்கும் கடைசிக்கும் இடையில் மூன்று கண்ணாடித் தடுப்பை ஒரு இஞ்சி இடைவெளியில் வையுங்கள். தண்ணீர் ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே, மறுபடி மேலே என்று போனால் குமிழி எல்லாம் அங்கேயே உடையும்.

ஆவியாகும் தண்ணீர் எல்லாம் அந்தக் கடைசி அறையில்தான் குறைந்து தெரியும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாருங்கள், உலர்த்தின சாறன் அரை மணியில் காய்வது போல டாங்கியும் காயும். நாளுக்கு நாலு லீட்டர் போனால் எங்கள் மோட்டர் அறையில் இரண்டு இஞ்சி இறங்கிவிடும். ஈடு செய்ய ஊற்றுவது நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் இல்லை. ஆவியானது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. இது தெரியாமல் கடல்தண்ணியாலேயே நிரப்பி நிரப்பி மீனை உப்புக்கண்டம் ஆக்கியவர்கள் உண்டு. குழாய்த் தண்ணீரில் குளோரின். கரையோரக் கிணறு சில இடத்தில் உவர், சில இடத்தில் சுண்ணாம்பு. ஆர்.ஓ. தண்ணீர் கிடைத்தால் அதுவே நல்லது. மழைத் தண்ணீர் பிடிப்பதானால் தகரக் கூரையில் பிடிக்காதீர்கள்.

கடல் பக்கத்திலேதானே

இத்தனை கேட்டுவிட்டு எல்லாரும் கேட்பது: கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க எதுக்கு ராத்தா சம்ப்பும் கிம்ப்பும், நேரே பைப் போட்டுவிடலாமே? கடலைத் தொட்டுக் கட்டும் மீன்காட்சிச்சாலைகள் அப்படிச் செய்வதுண்டு. அவர்களுக்கு வடிகட்டும் தொட்டியும் ஆளும் இருக்கிறது. நம் கரை அலை அடிக்கும் திறந்த மணல். பைப்பின் வாய் ஒரு கிழமைக்குள் மணலில் புதையும்.

அதைவிடப் பெரிய விஷயம் மாரி. மட்டக்களப்பு வாவியின் தென் வாசல் நமக்கு வடக்கே கல்லாற்றில் திறக்கிறது. மாரி மழையில் வாவி நிரம்பி வெட்டைத் தண்ணீரும் வயல் தண்ணீரும் அதால் கடலுக்கு இறங்கும். வாடைக் காலத்தில் கரையோர நீரோட்டமும் வடக்கிலிருந்து தெற்கே, நம் பக்கம்தான் வரும். அந்த மாதங்களில் கரையில் அள்ளும் தண்ணீர் கலங்கலாக, உப்புக் குறைந்து, வயலுக்கு அடித்த மருந்தோடும் இருக்கலாம். கடல் அடங்கியிருக்கும் சித்திரை முதல் ஆவணி வரை, தோணியில் போகிறவரிடம் கான் கொடுத்து, அலை உடையும் இடம் தாண்டி, எஞ்சினுக்கு எதிர்ப்பக்கம் அள்ளித்தரச் சொல்லுங்கள். மூடிய பரலில் இருட்டில் இரண்டு கிழமை வைத்தால் தூசு அடியில் படியும். மேல் தண்ணீரை மட்டும் இறக்கி, உப்பை அளந்து பாருங்கள். ஒரு லீட்டருக்கு 35 கிராம் அளவில் இருந்தால் சரி. ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கத் தயங்காதீர்கள், நாக்கு இந்த வேலைக்கு ஆகாது.

ஒன்று மறக்கவேண்டாம். டாங்கிக்கு அழகு என்று கடலில் உயிருள்ள முருகைக்கல்லை உடைத்து எடுப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். யாராவது கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள்.

கரண்டு விஷயத்தில் நான் கண்டிப்பு. உப்பு பூக்கும். பைப் இணைப்பில், வயரில், மூடியில் எங்கும் வெள்ளையாகப் பூத்து ஊர்ந்து போகும். ஈரம் பட்டால் அதில் கரண்டு ஓடும். ஆகவே பிளக் பேஸ் அலுமாரிக்குள் வேண்டாம், பக்கச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே. வயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும், வடியும் துளி அந்த வளைவில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. வீட்டில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லையென்றால் மீனை மறந்துவிட்டு முதலில் அதைப் போடுங்கள். தண்ணீருக்குள் கை விடுமுன் சுவிட்சை அணையுங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டு வெட்டினார்களே, அப்போது தம்பியின் ஹோலில் ஒரு சொட்டும் சிந்தவில்லை, கணக்கு சரியாக இருந்தது. ஆனால் மீனுக்கு மூச்சு முட்டியது. தண்ணீர் ஓடாவிட்டால் காற்றுக் கரையாது. பெட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டர் ஒன்றும் காற்றுக்கல்லும் வாங்கி வையுங்கள். சம்ப்பில் போடாமல் மேல் டாங்கியில் போடுங்கள், மீன் இருப்பது அங்கே. உம்மா இப்போதும் கரண்டு போனால் டோர்ச்சை முதலில் அலுமாரிக்குக் கீழேதான் அடித்துப் பார்ப்பா.

எல்லாம் பூட்டி முடிந்ததும் மீன் கடைப் பக்கம் போகாதீர்கள். குழாய்த் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் முழுக்க ஓட விடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்குக் கீழும் பத்திரிகைத் தாள் விரியுங்கள், ஒரு துளி சொட்டினாலும் தாளில் தெரியும். பிறகு மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் இறங்கி நின்றதும் சம்ப் மட்டத்தைப் பாருங்கள். போடுங்கள், மேலே ஏறட்டும், மறுபடி அணையுங்கள். இப்படி ஐந்து தரம். ஆறாவது தரம் முதல் வடிகால் பைப்பைக் கையால் பொத்திப் பிடித்து, காவல் பைப் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஆறு தரமும் தாள் காய்ந்திருந்தால் மட்டும் உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள்.